சம்பளம் ஈட்ட ஆகும் செலவு

ஜூன் மாதம் பாதி கழிந்து, அலுவலகங்களில் ஃபார்ம் 16 கைக்கு வரத் தொடங்கியதும், சம்பளக்காரர்களும் படிப்பு முடித்து முதல் வேலையில் சேர்ந்த பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள் ஆண்டுதோறும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. சொந்த பைக்கில் கம்பெனி வேலையாக அலைகிறேன், பெட்ரோல் செலவைக் கழிக்கலாமா? வேலைக்காக லேப்டாப் வாங்கினேன், அது சேருமா? காலணியும் யூனிஃபார்மும் என் காசில் வாங்கியவை, அதற்கு ஏதாவது உண்டா? வேலை பார்த்துக்கொண்டே மாலையில் படிக்கிறேன், கல்லூரிக் கட்டணத்தைக் காட்டலாமா? கல்விக் கடனுக்குக் கட்டும் வட்டி? இவற்றுக்கு ஆடிட்டர் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒற்றைச் சொல்: முடியாது. அந்தப் பதில் சட்டப்படி சரியானது. ஆனால் அது ஏன் அப்படி இருக்கிறது, அப்படித்தான் இருக்க வேண்டுமா என்று நாம் கேட்பதே இல்லை. நான் சொல்ல வருவது இதுதான்: வருமானத்தை ஈட்ட ஆன செலவைக் கழித்துவிட்டு மீதிக்கு வரி போடுவது வருமான வரிக்கே அடித்தளமான கணக்கு, நம் சட்டம் அந்தக் கணக்கை வியாபாரிக்கும் தொழில்முறையாளருக்கும் வீட்டு உரிமையாளருக்கும் போடுகிறது, உழைத்துச் சம்பளம் வாங்குபவருக்கும், படித்து அந்த உழைப்புக்குத் தயாராகுபவருக்கும் மட்டும் போட மறுக்கிறது.

எண்களோடு பார்த்தால் இது சட்டென்று விளங்கும். வரியைக் கணக்கிட இரண்டு முறைகள் உண்டு: விலக்குகளையும் சலுகைகளையும் தரும் பழைய முறை, அவற்றைப் பெரும்பாலும் வெளியே வைத்த புதிய முறை. 2025-26 நிதியாண்டுக்கான புதிய முறை விதிகளையே எடுத்துக்கொள்கிறேன். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்களை மாற்றிவிட்டது; 80சி என்று நாம் வாய்ப்பாடு போலச் சொன்னது அதில் 123ஆம் பிரிவு. உங்கள் நாவுக்குப் பழகிய பழைய எண்களிலேயே பேசுகிறேன். மூன்று பேரை நினைத்துக்கொள்ளுங்கள். மூவருக்கும் ஆண்டு வரவு 16 லட்சம் ரூபாய். முதலாமவர் ஒரு நிறுவனத்தில் சம்பளம் வாங்கும் பொறியாளர். அவருக்கு நிலையான கழிவு 75,000 ரூபாய்; மீதி 15,25,000 ரூபாய்க்கு வரியும் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 1,13,100 ரூபாய். இரண்டாமவரும் பொறியாளர்தான், அதே வேலையைத்தான் செய்கிறார். ஆனால் ஆலோசகராகத் தனியே பில் போட்டுப் பணம் வாங்குகிறார். 44ஏடிஏ பிரிவின்படி வரவில் பாதியை இலாபமாகக் காட்டினால் போதும். ஒரு ரசீதும் கேட்க மாட்டார்கள். வரிக்குரிய வருமானம் 8 லட்சம். 12 லட்சம் வரையிலான 87ஏ தள்ளுபடியில் அவர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். மூன்றாமவர் வாடகை வாங்கும் கட்டட உரிமையாளர். வாடகையில் 30 சதவீதம் பராமரிப்பு முதலியவற்றுக்காக அப்படியே கழியும். கட்டடத்தில் அந்த ஆண்டு ஒரு சுவருக்கும் வெள்ளையடிக்காவிட்டாலும் கழியும். மீதி 11,20,000 ரூபாய். அவருக்கும் வரி பூஜ்யம். வருமானம் ஈட்டச் செலவாகும் என்று சட்டம் ஒத்துக்கொள்ளும் தொகை ஆலோசகருக்கு 8 லட்சம், கட்டட உரிமையாளருக்கு 4,80,000, சம்பளக்காரருக்கு முக்கால் லட்சம்.

ஃபார்ம் 16-இன் இரண்டாம் பகுதியைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் படித்தால் இன்னொன்றும் தெரியும். மேலே மொத்தச் சம்பளம். அடுத்து 10ஆம் பிரிவின் கீழ் விலக்குப் பெற்ற படிகள். அதற்குக் கீழே 16ஆம் பிரிவின் கழிவுகள் என்று மூன்றே வரிகள். முதல் வரி நிலையான கழிவு. இரண்டாவது, அரசு ஊழியருக்கு மட்டும் பொருந்தும் பொழுதுபோக்குப் படி. மூன்றாவது வேலைவாய்ப்பின் மீதான வரி, அதாவது நம் உள்ளாட்சி அமைப்புகள் பிடிக்கும் தொழில் வரி. அரசியலமைப்பின் 276ஆவது பிரிவு அதற்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் அரையாண்டுக்கு ஒருமுறை, உச்ச அடுக்கில் 1,250 ரூபாயாகச் சம்பளத்திலேயே பிடிக்கிறார்கள். வேலையில் இருப்பதற்காகவே கட்டும் வரி இது; வேலை இல்லையென்றால் இந்தச் செலவு இல்லை. இதைவிடத் தெளிவான வேலைச் செலவு வேறொன்று சொல்ல முடியாது. புதிய முறையில் அந்த மூன்றாம் வரிக்கு இடமில்லை. சம்பளக்காரர் கையில் வராத அந்த 2,500 ரூபாய்க்கும் வருமான வரி உண்டு. அதே தொழில் வரியைக் கடைக்காரர் கட்டினால் அது அவருடைய வியாபாரச் செலவு. புதிய முறையிலும் தாராளமாகக் கழியும். தொகை சின்னதுதான். ஆனால் சட்டம் யாரை எந்தக் கண்ணால் பார்க்கிறது என்பதை இந்த ஒரு வரி காட்டிக்கொடுக்கிறது.

சட்டம் எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு முதலில் எழுதப்பட்டபோது, சம்பளக்காரர் தம் கடமைக்குத் தேவையான புத்தகங்கள் வாங்கிய செலவை 500 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம் என்று சொன்னது. வேலைக்குப் பயன்படுத்தும் சொந்த வாகனத்துக்குத் தனியே கழிவு இருந்தது. வேலைக்காக முழுவதும், அவசியமாக, அதற்கென்றே செய்த செலவுக்கும் இடம் இருந்தது. ஓர் ஆசிரியர் வாங்கிய அகராதிக்கும், ஒரு விற்பனைப் பிரதிநிதியின் ஸ்கூட்டருக்கும் வரிச் சட்டத்தில் பெயரிட்டு இடம் இருந்த காலம் அது. 1974இல் இந்தத் தனித்தனிக் கழிவுகளை ஒன்றாக்கி, ரசீது கேட்காத ஒரே நிலையான கழிவாக மாற்றினார்கள். சம்பளத்தின் முதல் 10,000 ரூபாய்க்கு 20 சதவீதம், அதற்கு மேல் 10 சதவீதம், மொத்தத்தில் 3,500 ரூபாய்க்கு மிகாமல் என்று அது தொடங்கியது. இரண்டு விஷயங்களை இங்கே கவனிக்க வேண்டும். ஒன்று, அது தயவில் கொடுத்த சலுகையாகப் பிறக்கவில்லை. இருந்த உரிமைகளுக்கு ஈடாக வந்தது. மற்றொன்று, அது சம்பளத்தின் விகிதமாக இருந்தது. வருமானம் கூடினால் அதை ஈட்டும் செலவும் ஓரளவு கூடும் என்ற எண்ணம் அதற்குள் இருந்தது.

பிறகு நடந்ததுதான் வருத்தத்துக்குரியது. 2005ஆம் ஆண்டு பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் நிலையான கழிவை நீக்கினார். அதே பட்ஜெட்டில்தான் சேமிப்புகளுக்கான 80சி பிரிவு 1 லட்சம் ரூபாய் வரம்போடு வந்தது. வருமான வரி விலக்கு வரம்பும் 1 லட்சம் ஆனது. பதின்மூன்று நிதியாண்டுகள் சம்பளக்காரருக்கு வேலைச் செலவு என்ற பேரில் சட்டத்தில் பொதுவான கழிவு எதுவும் இல்லை. 2018இல் நிதியமைச்சர் அருண் ஜேட்லி 40,000 ரூபாயாக அதைத் திரும்பக் கொண்டுவந்தார். ஆனால் அதுவரை வரியில்லாமல் இருந்த போக்குவரத்துப் படி 19,200 ரூபாயையும் மருத்துவச் செலவு ஈடு 15,000 ரூபாயையும் எடுத்துவிட்டுத்தான் கொடுத்தார். கூட்டிக் கழித்தால் புதிதாகக் கிடைத்தது 5,800 ரூபாய். அடுத்த ஆண்டு அது 50,000 ஆனது. 2024 ஜூலை பட்ஜெட்டில் புதிய முறையில் இருப்பவர்களுக்கு மட்டும் 75,000. எந்தக் கணக்கில் இந்த எண் வந்தது, விலைவாசி ஏறினால் இதுவும் ஏறுமா என்பதற்குச் சட்டத்தில் ஒரு சொல் இல்லை. நாளுக்கு 205 ரூபாய் என்று பிரித்துப் பார்த்தால், ஒரகடத்துக்கோ சிறுசேரிக்கோ தினமும் சொந்த வண்டியில் போய்வருகிறவருக்குப் பெட்ரோலுக்கும் மதியச் சாப்பாட்டுக்குமே அது போய்விடும்.

80சி எடுத்துக்கொண்ட இடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கழிவு என்றாலே பி.எஃப்., எல்.ஐ.சி., பி.பி.எஃப். என்று நம் மனம் ஓடுவதற்கு அதுதான் காரணம். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் 'டாக்ஸ் சேவிங்' என்று அவசரமாக ஒரு பாலிசியில் கையெழுத்துப் போடும் பழக்கம் அதனால் வளர்ந்தது. ஆனால் சேமிப்பு, வருமானத்தை ஈட்ட ஆன செலவு ஆகாது. ஈட்டிய வருமானத்தை என்ன செய்தோம் என்பதைச் சார்ந்தது அது. சேமிக்க வசதி உள்ளவருக்கு அரசு கொடுத்த ஊக்கத்தொகை என்று சொல்வதே பொருந்தும். வாடகை கட்டி, தங்கைக்குக் கல்யாணம் செய்து, கையில் ஒன்றும் மிஞ்சாத தொழிலாளிக்கு அதனால் பயனில்லை. 2014இல் 1,50,000 ஆன வரம்பு அப்படியே நின்றுவிட்டது. புதிய முறை அதைக் கைவிட்டதற்காக நான் வருந்தவில்லை. என் குறை வேறு. சேமிப்பு ஊக்கத்தையும் உண்மையான வேலைச் செலவையும் கல்விக் கடன் வட்டியையும் 'விலக்குகள், சலுகைகள்' என்று ஒரே சாக்கில் கட்டி வெளியே வைத்துவிட்டார்கள். அதில் எது ஊக்கத்தொகை, எது கணக்கு என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

மாணவர்களிடம் வருகிறேன், இந்த வாதத்தின் மிகக் கூர்மையான முனை அவர்களிடம்தான் இருக்கிறது. நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். படிப்புச் செலவுக்காகக் கொடுக்கப்படும் உதவித்தொகைக்கு 10(16) பிரிவின் கீழ் வரி இல்லை; இரண்டு முறைகளிலும் இல்லை; தொகைக்கு உச்சவரம்பும் இல்லை. ஆனால் இன்டர்ன்ஷிப்பில் வேலை வாங்கிக்கொண்டு கொடுக்கும் ஊக்கத்தொகை வேறு. பல நிறுவனங்கள் அதைத் தொழில்முறைக் கட்டணமாக எழுதி 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கின்றன. மாதம் 20,000 வீதம் ஆறு மாதம் வாங்கிய மாணவிக்கு வேறு வருமானம் இல்லையென்றால் வரியே கிடையாது. இருந்தும் 12,000 ரூபாய் அரசிடம் போய் நிற்கும். ரிட்டர்ன் தாக்கல் செய்தால் ரீஃபண்ட் வரும். பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பார்க்காததால் தங்கள் பணம் அங்கே இருப்பதே தெரியாமல் விட்டுவிடும் பிள்ளைகள் உண்டு. 12 லட்சம் வரை வரி இல்லை என்பதை 12 லட்சம் வரை ரிட்டர்ன் வேண்டாம் என்று புரிந்துகொள்வதும் இதே போன்ற பிழை. புதிய முறையில் விலக்கு வரம்பு 4 லட்சம்தான். அதற்கு மேல் போனால் வரி பூஜ்யமானாலும் தாக்கல் செய்தே ஆக வேண்டும்.

இப்போது கல்விக் கட்டணத்துக்கு வருவோம். பழைய முறையில் ஒரு தந்தையோ தாயோ இரண்டு பிள்ளைகளுக்குக் கட்டும் முழுநேரப் படிப்புக்கான டியூஷன் கட்டணம் 80சி-க்குள் வரும். ஹாஸ்டல், பஸ், நன்கொடை எதுவும் சேராது. சரி, பிள்ளையே சம்பாதித்துத் தன் கட்டணத்தைத் தானே கட்டினால்? வராது. கோவையில் டிப்ளமோ முடித்து, பகலில் ஆலையில் வேலை பார்த்து, மாலையில் பகுதிநேர பி.இ. படிப்பவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் படிப்பது எந்திரவியல். வேலை செய்வது எந்திரங்களோடு. படிப்பு முடிந்தால் உயரப்போவது அதே வேலையின் சம்பளம். கட்டணத்தைத் தன் சம்பளத்திலிருந்து நேர்மையாகக் கட்டியவருக்குச் சட்டம் ஒரு ரூபாயும் கழிப்பதில்லை. அவரே ஒரு வங்கியில் கடன் வாங்கிப் படித்திருந்தால் அந்தக் கடனின் வட்டியை 80இ பிரிவில் கழிக்கலாம். உச்சவரம்பு கிடையாது, வட்டி கட்டத் தொடங்கிய ஆண்டு முதல் எட்டு ஆண்டுகள் வரை. கடனில்லாமல் படித்தவருக்கு ஒன்றுமில்லை, கடன்பட்டவருக்கு வட்டிக் கழிவு என்ற இந்த ஏற்பாட்டுக்கு என்ன நியாயம் சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த 80இ-யும் இன்று காகிதத்தில்தான் இருக்கிறது. அது பழைய முறையில் மட்டுமே செல்லும். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஆண்டுச் சம்பளம் 15 லட்சம், கல்விக் கடன் வட்டி 1,20,000 என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் 50,000 ரூபாய் நிலையான கழிவும் வட்டியும் போக 13,30,000. செஸ் சேர்த்து வரி 2,19,960. புதிய முறையில் வட்டியைக் கழிக்காமலே 14,25,000, வரி 97,500. வட்டிக் கழிவு வேண்டும் என்று பழைய முறையைப் பிடித்துக்கொண்டால் 1,22,460 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். 80சி-யில் முழு ஒன்றரை லட்சத்தைக் காட்டினாலும் பழைய முறை மேலே வராது. ஆக, இந்த நிலையில் இருக்கும் யாரும் அந்தக் கழிவை எடுக்கப்போவதில்லை. புதிய முறைக்குள் அதே வட்டியை அனுமதித்தால் அந்த இளைஞருக்கு மிச்சம் 18,720 ரூபாய். முதல் தலைமுறையாகக் கல்லூரி போய், தந்தையின் பேரில் உள்ள வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியவருக்கு அது பெரிய தொகை. இதோடு ஒன்றை ஒப்பிட்டுப் பாருங்கள்: வாடகைக்கு விட்ட வீட்டின் மேல் வாங்கிய கடனுக்கான வட்டியைப் புதிய முறையிலும் வாடகை வருமானத்திலிருந்து கழிக்கலாம். வீடு வாங்கிய கடன் வாடகையைத் தந்தது, ஆகவே வட்டி வாடகையின் செலவு என்கிறது சட்டம். படிப்புக்கு வாங்கிய கடன் சம்பளத்தைத் தந்தது என்பதில் மட்டும் அதே சட்டத்துக்கு ஏன் தயக்கம்?

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை இலேசானவை அல்ல. முதலில் வருவது: 12,75,000 ரூபாய் வரை சம்பளத்துக்கு வரியே இல்லாதபோது இந்தக் கழிவுகளைப் பற்றிப் பேசுவானேன் என்பது. அந்த வரம்பு பெரிய நிவாரணம், மறுக்கவில்லை. ஆனால் அந்த வரம்பு ஆலோசகருக்கும் கட்டட உரிமையாளருக்கும் உண்டு. அவர்கள் தம் செலவைக் கழித்த பிறகு அந்த வரம்புக்கு வருகிறார்கள், சம்பளக்காரர் கழிக்காமல் வருகிறார். வரம்பை உயர்த்துவது எல்லாருக்கும் பொதுவான இரக்கம். செலவைக் கழிப்பது ஒருவருடைய வருமானம் எவ்வளவு என்று சரியாக அளப்பது. ஒன்றுக்கு மற்றது ஈடாகாது. இன்னொன்றும் உண்டு. 2005இல் நிலையான கழிவு போனபோதும் விலக்கு வரம்புதான் உயர்ந்திருந்தது. வரம்பின் மதிப்பை விலைவாசி தின்றுகொண்டே வந்தது. போன கழிவோ பதின்மூன்று ஆண்டு திரும்பவில்லை. 12 லட்சத்துக்கும் அதே கதி வரும்போது நம் கையில் என்ன இருக்கும்?

இரண்டாவது எதிர்ப்பு, பொய்க் கணக்கு. இது எனக்கும் கவலை தருவது. 2025 ஜூலையில் வருமான வரித் துறை, போலியான கழிவுகளைக் காட்டி ரீஃபண்ட் வாங்கித்தரும் கும்பல்களைத் தேடி நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை செய்தது. தமிழ்நாடும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் ஏறத்தாழ 40,000 பேர் தாங்களாகவே திருத்திய ரிட்டர்ன் கொடுத்து 1,045 கோடி ரூபாய் பொய்க் கழிவுகளை விலக்கிக்கொண்டதாகத் துறை அறிவித்தது. கோடிக்கணக்கான பேர் பெட்ரோல் பில்லோடு வந்தால் யார் சரிபார்ப்பது என்று அதிகாரிகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இதற்கு மற்ற நாடுகள் எப்போதோ வழி கண்டுவிட்டன. ஜெர்மனியில் தொழிலாளிக்கு 1,230 யூரோ ரசீதில்லாமல் கழிகிறது. அதற்கு மேல் உண்மையில் செலவானவர் மட்டும் கணக்கைக் காட்டி அதைக் கழித்துக்கொள்ளலாம். வீட்டிலிருந்து வேலையிடத்துக்குப் போகும் தூரத்துக்கே கிலோமீட்டர் கணக்கில் அங்கே கழிவு உண்டு. பெரும்பாலானவர் ரசீது இல்லாத தொகையோடு நின்றுவிடுவார்கள். துறைக்கு வேலை கூடாது. நம் ஊரில் தேநீர்க் கடையிலும் க்யூஆர் கோடு தொங்குகிறது. பணம் போன தடம் வங்கிக் கணக்கிலேயே கிடக்கிறது. 1974ஐவிட இன்று சரிபார்ப்பது சுலபம். அதோடு, 44ஏடிஏ-யில் ஒரு ரசீதும் கேட்காமல் வரவில் பாதியைச் செலவென்று ஏற்கிற துறை, சம்பளக்காரரிடம் மட்டும் பொய் வரும் என்று அஞ்சுவது பொருந்தாது.

மூன்றாவது, வேலைச் செலவு எது, சொந்தச் செலவு எது என்று கோடு கிழிக்க முடியாது என்பது. நீதிமன்றங்கள் இதில் நெடுங்காலமாகத் திணறியிருக்கின்றன. 1920களில் இங்கிலாந்தில் ஒரு புகழ்பெற்ற வழக்கு நடந்தது. லண்டனில் வழக்கறிஞர் தொழில் செய்தபடி போர்ட்ஸ்மத் நகரத்தில் ரெக்கார்டர் என்ற நீதிபதிப் பதவி வகித்த ஒருவர், லண்டனிலிருந்து அங்கே போகும் ரயில் கட்டணத்தைக் கழிக்கக் கேட்டார். பிரபுக்கள் அவை மறுத்துவிட்டது: போர்ட்ஸ்மத்தில் அமர்ந்த பிறகுதான் அவர் கடமை தொடங்குகிறது, எங்கே குடியிருப்பது என்பது அவர் சொந்த விருப்பம் என்றது. அந்தக் கண்டிப்பு இன்றும் ஆங்கிலச் சட்டத்தில் தொடர்கிறது. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையிலான பயணத்தில் கோடு கிழிப்பது கடினம் என்பதை ஏற்கிறேன். ஆனால் மருத்துவர் தன் காரில் கிளினிக்குக்கும் போகிறார், கல்யாணத்துக்கும் போகிறார். அங்கே நம் சட்டம் காரின் செலவைப் பங்கு பிரித்து, தொழிலுக்கான பங்கை மட்டும் கழிக்கிறது. கோடு கடினமாக இருப்பதற்காக அவருக்கு மொத்தமாக மறுப்பதில்லையே. உணவு விநியோகிக்கும் செயலியில் பதிவுசெய்து ஓடும் இளைஞருக்கு அது தொழில் வருமானம். பெட்ரோல் அவருடைய செலவு. அதே தெருவில், அதே பைக்கில், மாதச் சம்பளத்துக்குக் கூரியர் கொண்டுபோகிறவர் தன் கைக்காசில் ஊற்றும் பெட்ரோலுக்குக் கழிவில்லை. முதலாளி மனமிரங்கி அதைப் பயணப் படியாகச் சம்பளத்தில் பிரித்துக் கொடுத்தால் வரியில்லை, இல்லாவிட்டால் உண்டு. செலவு ஒன்று, வேலை ஒன்று. சம்பளச் சீட்டை முதலாளி எப்படி எழுதினார் என்பதைப் பொறுத்துத் தொழிலாளியின் வரி மாறுவது சரியில்லை.

கல்வியைப் பற்றிய எதிர்ப்பு தனி வகை. பட்டம் மனிதனை உருவாக்குவது, வேலைக்கான கருவி மட்டுமில்லை. ஆகவே அது சொந்தச் செலவு என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. வேலை கிடைப்பதற்கு முன் படித்த முதல் பட்டத்தின் முழுக் கட்டணத்தையும் பின்னால் வரும் சம்பளத்திலிருந்து கழிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் கோடு அங்கேயே நின்றுவிடுவதில்லை. ஆஸ்திரேலியாவில் ஆசிரியர் பயிற்சி பெற்றுவந்த ஒரு மாணவி, அரசு தந்த இளைஞர் உதவித்தொகையை வருமானமாகக் காட்டி, அதிலிருந்து புத்தகம், எழுதுபொருள், கணினித் தேய்மானம் என 920 டாலரைக் கழிக்கக் கேட்டார். வரித் துறை எதிர்த்து வழக்காடியது. 2010இல் அந்நாட்டின் உயர் நீதிமன்றம் மாணவியின் பக்கம் நின்றது. படிப்பைத் தொடர்ந்தால்தான் உதவித்தொகை தொடரும். ஆகவே படிப்புச் செலவு அந்த வருமானத்தை ஈட்டும் செலவு என்பது தீர்ப்பின் சாரம். பிறகு சட்டத்தைத் திருத்தி அந்த வழியை அடைத்துவிட்டார்கள் என்பதும் உண்மையே. அரசு கஜானாவை நினைத்து அடைத்தார்கள். தர்க்கத்தை யாரும் மறுக்கவில்லை. நம் நாட்டில் 80இ பிரிவு இருப்பதே, படிப்புக்கான செலவுக்கும் பின்னால் வரும் சம்பளத்துக்கும் உறவு உண்டு என்று நாடாளுமன்றம் முன்பே ஒத்துக்கொண்டதற்குச் சாட்சி. ஒத்துக்கொண்டதைப் புதிய முறைக்குள் கொண்டுவரச் சொல்கிறோம், அவ்வளவுதான். பார்க்கிற வேலையிலேயே மேலே போவதற்காகத் தன் காசில் படிப்பவரின் கட்டணத்தையும், வேலை தொடர்புடையது என்று காட்ட முடிகிற வரையில், அதோடு சேர்க்க வேண்டும்.

வேலை நிரந்தரம், பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சம்பளக்காரருக்கு இருக்கிறது, ஆலோசகருக்கு இல்லை. ஆகவே வரியில் அவருக்குக் கொஞ்சம் இளக்கம் நியாயம்தானே என்றும் கேட்கலாம். அந்தப் பாதுகாப்பின் மதிப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வரிச் சட்டம் இப்படிச் சாய்ந்திருப்பதால் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். நன்றாகச் சம்பாதிக்கும் பொறியாளரிடம், 'ஊழியராக வேண்டாம், கன்சல்டன்டாக இருங்கள், உங்களுக்கும் வரி குறையும்' என்று நிறுவனம் சொல்ல முடிகிறது. அவர் ஒத்துக்கொள்ளும்போது பி.எஃப். போகிறது, கிராஜுவிட்டி போகிறது, விடுப்பு போகிறது. மாதம் 25,000 வாங்குகிறவரையும் அதே அச்சில் போட்டு 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கிறார்கள். அவருக்கு வரிச் சலுகையால் லாபம் எதுவுமில்லை, பாதுகாப்பு மட்டும் போயிற்று. மாதம் 2,500 ரூபாயை அரசிடம் விட்டு, ரீஃபண்ட் வரும்வரை காத்திருக்க வேண்டியதும் அவர்தான். தொழிலாளர் சட்டங்கள் ஒரு கையால் கட்டிய பாதுகாப்பை வரிச் சட்டம் மறு கையால் அவிழ்க்கிறது.

அரசுக்கு வருவாய் குறையுமே என்பதுதான் இறுதியில் நிற்கும் கேள்வி. குறையும். ஆனால் எவ்வளவு குறையும் என்பது நாம் எங்கே தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. தொழில் வரிக்கான அந்த மூன்றாம் வரியைப் புதிய முறையில் திருப்பிக் கொடுத்தால், 15 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு ஆண்டுக்கு 390 ரூபாய் மிச்சம். கல்விக் கடன் வட்டிக்கு, வேண்டுமானால் முன்பில்லாத ஓர் உச்சவரம்பு வைத்தே, இடம் கொடுக்கலாம். எட்டு ஆண்டு என்ற எல்லை ஏற்கெனவே இருக்கிறது. நிலையான கழிவை 1974இல் இருந்தபடி சம்பளத்தின் ஒரு விகிதமாக்கி, மேலே ஓர் உச்சத்தைக் கட்டி, அந்த உச்சம் விலைவாசிக் குறியீட்டோடு ஏறும் என்று சட்டத்திலேயே எழுதலாம். அதற்கு மேல் வேலைக்காகச் செலவழித்தேன் என்பவர் கணக்கைக் கொண்டுவரட்டும். தேவையானால் வாடகைக்கு விடுகிறவரின் 30 சதவீதத்தையும் ஆலோசகரின் 50 சதவீதத்தையும் மறுபடி எடைபோட்டு அங்கிருந்து இந்தப் பணத்தைத் திரட்டலாம். இந்த நான்கில் முதலாவதற்கு 16ஆம் பிரிவில் இருந்த ஒரு வரியைப் பழைய இடத்தில் வைத்தால் போதும். அதையாவது அடுத்த நிதி மசோதாவில் கேட்க வேண்டும் என்று இங்கே இருக்கும் தொழிற்சங்கத்தாரையும் மாணவர் அமைப்பினரையும் கேட்டுக்கொள்கிறேன்.